கொடியில் கிடந்த மஞ்சள் துப்பட்டா

எங்கள் மாடியின் தலைமைச் சமையல்காரியே, என் சண்டைக்காரியே, அன்புள்ள சுகு,

உங்க அப்பா வந்துகொண்டிருக்கிறார். மதுராந்தகத்தில் ரயில் ஏறிவிட்டதாக உன் தங்கை பவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாராம். செங்கல்பட்டில் வண்டி மாறிப் பொத்தேரிக்கு வர வேண்டும். அதுவரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹாஸ்டல் வாசலில் விசிட்டர் ரூமில், அந்தக் கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். மேலே நம் ரூமில் பவி பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளாகவே கட்டுகிறாள்.

பயமாக இருக்கிறதுடீ.

நீ போன பிறகு நடந்தது உனக்கு எப்படித் தெரியும்? ஒரு வெள்ளிக்கிழமை காய்ச்சலோடு ஊருக்குக் கிளம்பினாய். "குக்கர எவளுக்கும் குடுக்காத, அடிப்புடிக்க வச்சிருவாளுங்க" என்று படியில் நின்று கத்திவிட்டுப் போனாய். நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நாங்கள் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த வருஷம் பவி நம் காலேஜிலேயே சேர வேண்டும், உன் கட்டிலிலேயே படுக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். உங்க அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. டாக்டர் என்ன சொன்னாலும் அவர் மனதில் ஒன்றே ஒன்றுதான்: பெரிய பெண் ஹாஸ்டலில் சரியாகச் சாப்பிடவில்லை, உடம்பில் தெம்பில்லை, அதனால்தான் காய்ச்சலைத் தாங்கவில்லை. பவியைக் கொண்டுவந்து விட்ட அன்று வார்டன் மேடத்தை வைத்துக்கொண்டே சொன்னார்: "மூணு வேளையும் மெஸ்ல துன்னணும். இங்கேர்ந்து ஒரு கம்ப்ளைண்ட் வந்துச்சுன்னா அன்னிக்கே கூட்டினு போயிருவேன். படிப்பும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

அந்தக் கம்ப்ளைண்ட் நேற்று போய்விட்டது.

நம் கரண்ட் ரைஸ் குக்கரை நான் இத்தனை நாளாகத் தொடவே இல்லை. கட்டிலுக்கு அடியில், பழைய போர்வையில் சுற்றி வைத்திருந்தேன். உன் மஞ்சள் துப்பட்டாவையும் பவி கண்ணில் படாமல் என் அலமாரியில் பூட்டியிருந்தேன். ரூமில் திருட்டுத்தனமாகச் சமைக்கிற எங்கள் மாடிக்கு அதுதானே சிக்னல்? அந்தப் பழைய ஒயரிங் ஒரு நேரத்தில் ஒரு அடுப்பைத்தான் தாங்கும். இரண்டு ரூமில் சேர்த்துப் போட்டால் மொத்த மாடியும் இருண்டுவிடும், வார்டன் மேடம் மேலே வந்துவிடுவார். அதற்கு நீ கண்டுபிடித்த வழி: சமைக்கிறவள் வராந்தா கொடியில் மஞ்சள் துப்பட்டாவைப் போட வேண்டும், அது கொடியில் இருக்கும்வரை வேறெவளும் சுவிட்சைத் தொடக் கூடாது. நீ போன பிறகு மற்ற ரூம்காரிகள் ஏதோ ஒரு பச்சைத் துண்டை வைத்துச் சமாளித்தார்கள். ஆனால் மஞ்சளைப் பார்த்தால்தான் பயப்படுவார்கள். உன் வாய்க்குப் பயந்த பயம் இன்னும் போகவில்லை.

பவி சாப்பிடுவதில்லை, சுகு. மெஸ்ஸுக்குப் போவாள், தட்டை வாங்குவாள், குழம்பைச் சோற்றில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருப்பாள், அப்படியே கொண்டுபோய்ப் போட்டுவிடுவாள். அப்பா ஃபோன் செய்தால் "சாப்ட்டேன்ப்பா" என்பாள். முகம் சுண்டிப்போய்விட்டது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாயந்திரம் மெஸ் கிடையாது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள், திரும்பாமலேயே கேட்டாள்: "மீனாக்கா, அக்கா ஃபோன்ல சொல்லுமே, தாளிக்காத தக்காளி சாதம். அது உனக்கு செய்யத் தெரியுமா?"

அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு அது. மாட்டேன் என்று எப்படிடீ சொல்வேன்? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாயா?

குக்கரை எடுத்துத் துடைத்தேன். தக்காளி வாங்க ஸ்டேஷன் பக்கம் ஓடினேன். நீ வாங்குகிற மாதிரியே நன்றாகக் கனிந்து தோல் வெடித்ததாகப் பார்த்து, கடைக்காரர் ஒதுக்கி வைத்திருந்த கூடையிலிருந்து பொறுக்கினேன். கையாலேயே பிசைந்தேன். மிளகாய்த்தூள், உப்பு, உங்க அம்மாவின் பருப்புப் பொடி. நீ வைத்த சட்டத்தை மீறவில்லை: கடுகு கிடையாது, வெங்காயம் வதக்கல் கிடையாது, கதவுக்கு அடியில் ஈரத்துணி. ஒரு தடவை நான் மாமல்லபுரத்திலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுவந்து சுட்டதும், "அடியேய், நாத்தம் ஸ்டேஷன் வரிக்கும் போவுதுடீ, வார்டன் மூக்கு இன்னா அடச்சா கீது?" என்று நீ ஜன்னல் வழியாக அதைத் தூக்கி எறிந்ததும் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்புகூட வந்தது.

பவி குளிக்கப் போயிருந்தாள். நான் கொடியில் துப்பட்டாவைப் போட்டுவிட்டு வந்து சுவிட்சைப் போட்டேன். ஆவி கிளம்ப ஆரம்பித்தது. சமைக்கிற சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

சிக்னல் சங்கதி எதையும் நான் பவியிடம் சொன்னதில்லை. இந்தத் திருட்டுச் சமையலில் அவளை இழுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். குளித்துவிட்டு வராந்தாவில் வந்தவள், கொடியில் உன் துப்பட்டாவைப் பார்த்தாள். அக்காவின் துப்பட்டா எப்படி இங்கே என்று அவளுக்கு என்ன தெரியும்? எடுத்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள்.

எதிர் ரூம் ஷாலினி எட்டிப் பார்த்திருக்கிறாள். கொடியில் மஞ்சள் இல்லை. சரி, லைன் காலி என்று இண்டக்ஷன் அடுப்பைப் போட்டு நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தாள். அவ்வளவுதான். டப்பென்று எல்லாம் நின்றது. ஃபேன் நின்றது, லைட் போனது, மாடி முழுக்க ஒரே "ஏய்ய்ய்". வார்டன் மேடம் கீழ் மாடியில் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் படியில் கேட்டது. நான் குக்கரைத் தூக்கப் போனேன், சூடு, கை சுட்டுக்கொண்டது. கதவு திறந்தது.

முதலில் பவிதான் உள்ளே வந்தாள், துப்பட்டாவை முகத்தில் அழுத்திக்கொண்டு. அவள் பின்னாலேயே மேடம், கையில் டார்ச்.

"யாருதும்மா இது?"

"என்னுது மேடம்" என்றேன் நான். அதே நேரத்தில் பவியும் சொன்னாள்: "எங்க அக்காவுது."

மேடம் டார்ச்சைக் குக்கரிலிருந்து பவி பக்கம் திருப்பினார். உன்னை அவருக்குத் தெரியாதா என்ன? அப்புறம் டார்ச்சை அணைத்தார். "பழைய ஒயரும்மா. ஒரு நாள் பத்திக்கிச்சுன்னா இந்த மாடியில எத்தன பொண்ணுங்க இருக்கீங்க? நான் யாருக்குன்னு பதில் சொல்லுவேன்? வூட்டுக்கு ஃபோன் பண்ணித்தான் ஆவணும்." அவர் சொன்னதில் தப்பில்லை சுகு. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது, கோபப்படக்கூட ஆள் இல்லை. எங்க அப்பா ஃபோனிலேயே என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார், அது வழக்கம்தான். உங்க அப்பா ஒன்றும் திட்டவில்லை. "நாளிக்கு வர்றேன்" என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

வேகாத சோற்றோடு குக்கர் ஆபீஸ் ரூமுக்குப் போனது. வீட்டு ஆள் வந்தால்தான் கொடுப்பார்கள். பவி நேற்று ராத்திரியும் எதுவும் சாப்பிடவில்லை.

இப்போது சொல், அவர் வந்து என்ன சொல்வார்? ரூமில் சமைக்கிறார்கள் என்றால், மெஸ்ஸில் சாப்பிடவில்லை என்றுதானே அவர் நினைப்பார்? பெரியவளும் இப்படித்தான் பட்டினி கிடந்தாள் என்றுதானே முடிவு கட்டுவார்? நான் ஒரு வேளை சோறு போடப் போய் உன் தங்கையின் படிப்பில் கை வைத்துவிட்டேனா?

கேட் சத்தம். வந்துவிட்டார். பேனாவை வைக்கிறேன்.

*

சுகு, சாயந்திரம் ஆகிவிட்டது. இப்போது மொட்டை மாடியில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

உங்க அப்பா இளைத்துவிட்டார். தாடி முழுக்க வெள்ளை. உட்காருங்க என்றால் உட்காரவில்லை. பவி பெட்டியோடு படியில் இறங்கி வந்து சுவரோரமாக நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

மேடம் குக்கரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். கழுவித் துடைத்து வைத்திருந்தார். ஒருவரும் கழுவச் சொல்லவில்லை.

உங்க அப்பா அதையே பார்த்தார். மூடியைத் திறந்தார், மூடினார், அடியைத் திருப்பிப் பார்த்தார். "இது எங்க வூட்டு குக்கராச்சே" என்றார். "பரண்மேல கெடந்தது. காணோம்னு இவங்கம்மா வூடு பூரா தேடினா."

அடிப் பாவி! செங்கல்பட்டுக் கடையில் பேரம் பேசி வாங்கினேன் என்று எங்களிடம் எப்படி அளந்தாய்! கடைக்காரர் மீசையைக்கூட வர்ணித்தாயேடி!

"அப்போ அவளும் இதுலதான் ஆக்கினாளா? மெஸ்ல துன்னலியா?" அவர் குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் நான் பயந்த கேள்வி அதுதான். பவி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் பொய் சொல்லவில்லை. மெஸ்ஸிலும் சாப்பிடுவாள், பிடிக்காத நாளில் ரூமில் ஆக்குவாள் என்றேன். பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அரிசியோடு பாசிப்பருப்பைப் போட்டு நீ வைக்கும் கஞ்சி, சோறு வேகும்போதே மேல் தட்டில் முட்டையை வைத்து ஆவியில் அவிப்பது, பரீட்சை நாளில் எல்லாருக்கும் சேமியா, ஷாலினிக்குத் தலைவலி என்றால் மிளகு ரசம். எல்லாம் சொன்னேன். தட்டு இல்லாமல் சோப்பு டப்பா மூடியில் சாப்பிட்டதைக்கூடச் சொன்னேன்.

நான் முடித்ததும் அவர் கேட்டார்: "உங்களுக்கெல்லாம் போட்டா, சரி. அவ துன்னாளாம்மா?"

இத்தனை நாளாக அவர் சுமந்துகொண்டிருந்தது இதைத்தான் சுகு.

"துன்னாப்பா" என்றேன். "நல்லா துன்னா. அடிப்புடிச்ச சோறு அவளுக்குத்தான், அதுல யாரும் கை வைக்கக் கூடாது. கரண்டிய வச்சு சொரண்டி சொரண்டி, கோட்டிங் பூரா போயிருச்சு. உள்ள பாருங்க."

மறுபடியும் மூடியைத் திறந்தார். உன் கரண்டி கீறின கீறல்களை விரலால் தடவினார். அங்கேயே, அந்த மேஜைக்கு முன்னாலேயே அழுதார். மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் அழுதேன். அழுதால் என்ன?

கண்ணைத் துடைத்துக்கொண்டு குக்கரை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "மேடம், இத நான் எடுத்துனு போறேன். இனிமே இங்க வராது." பிறகு பவியைப் பார்த்தார். "இன்னாத்துக்கு பெட்டிய புடிச்சினு நிக்கற? மேல கொண்டு போ. க்ளாஸ் இல்லியா இன்னிக்கு?"

பவி நகரவே இல்லை. நான்தான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

கேட் வரைக்கும் நானும் அவரோடு போனேன். ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "தண்ணி எவ்ளோம்மா ஊத்துவா?" சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர் என்று நீ சொல்வாயே! அரிசிக்கு மேல் விரலை வைத்துப் பார்க்க வேண்டும், முதல் ரேகை வரைக்கும் தண்ணீர், தக்காளியே நீர் விடும், அதனால் கொஞ்சம் குறைவாக, பச்சை எண்ணெய் கடைசியில் என்றேன். விரலை நீட்டி ரேகையைப் பார்த்துக்கொண்டார். உங்க அம்மா இன்னும் சரியாகச் சாப்பிடுவதில்லையாம்.

இப்போது கொஞ்சம் முன்னால் ஃபோன் செய்தார். "தண்ணி ஜாஸ்தியாயிருச்சும்மா. கொழகொழன்னு கீது." எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சொன்னார்: "ரெண்டு பேரும் துன்னோம்."

பவி ஃபோனை வாங்கி ரொம்ப நேரம் பேசினாள். பேசி முடித்துவிட்டு, "பசிக்குதுக்கா" என்றாள். வெந்நீர் கெட்டில் வைத்துக்கொள்ள மேடம் அனுமதி கொடுத்திருக்கிறார், அது மட்டும்தான். எங்க அம்மா வறுத்து உப்பும் கறிவேப்பிலையும் கலந்து அனுப்பிய ரவையை ஃபிளாஸ்கில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடிவைத்திருக்கிறேன். உப்புமா ஆகிவிடும். உன் தக்காளி சாதத்துக்குக் கிட்டே வராது, இருந்தாலும் சூடாக இருக்கும். பவி பக்கத்தில் உட்கார்ந்து மூடியைத் திறக்கலாமா திறக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தோளில் உன் மஞ்சள் துப்பட்டா. இனி அது கொடிக்குப் போகாது.

நான் இந்த ஹாஸ்டலை விட்டுப் போகும் நாள் வரைக்கும் உன் தங்கை பசியோடு படுக்க மாட்டாள், சுகு. அவள் சாப்பிட்டாளா என்று உங்க அப்பா யாரிடம் எப்போது கேட்டாலும், உடனே ஆமாம் என்று சொல்கிற மாதிரி நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஃபிளாஸ்கைத் திறந்துவிட்டாள். போகிறேன்.

உன் ரூம்காரி,
பவிக்கு இன்றுமுதல் அக்கா,
மீனா