குந்தினால் எட்டாத ஸ்டாண்டு

14 டிசம்பர் 1997, ஞாயிறு

போன வாரம் லான்மடாவ் போட்டோக் கடையில், பன்றி சுடும்போது துப்பாக்கியைத் தாங்க மூன்று கால் ஸ்டாண்டு வாங்கும்போதே மச்சினன் செல்வம் சொன்னான்: "தரையில உக்காந்து பாத்து வாங்குங்க அத்தான்." புது லுங்கியோடு கடைத் தரையில் குந்துவதாவது! நின்றபடியே பைனாகுலரை மாட்டிப் பார்த்தேன். கண்ணுக்கு நேராக வந்தது. துப்பாக்கி வைத்தாலும் ஆடாது என்றார் கடைக்காரர். நம்பினேன்.

இன்று ஊருக்கு வெளியே மாவ்பியில், தெரிந்த பர்மாக்காரர் கோ மியின்டின் கடலைத் தோட்டத்துக்குப் போனோம். பாதித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி கிளறிவிட்டது. மீதியையாவது காப்பாற்றத்தான் எங்களைக் கூப்பிட்டார். லைசென்ஸ் துப்பாக்கி அவருடையது. வயதாகி அவருக்குக் கை நடுங்குவதால் சுடுவது செல்வம். வரப்புக்குப் பின்னால் குந்தினோம். எவ்வளவு இறக்கியும் ஸ்டாண்டு நெற்றிக்கு மேலேயே நின்றது. சாயங்காலம் பன்றி வந்தது. துப்பாக்கியை அதில் வைக்க செல்வம் எழுந்தான். பன்றி அவனைப் பார்த்துவிட்டு ஓடியே போனது.

கோ மியின்ட் மூன்று மூங்கில் குச்சியை சைக்கிள் டியூபால் கட்டி வரப்பில் ஊன்றினார். குந்திய உயரத்துக்குக் கச்சிதம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

செல்வம் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு அம்மா, "படம் பிடிக்கவா?" என்று ஸ்டாண்டைக் காட்டிக் கேட்டார். "ஆமாம், கல்யாண வீட்டுக்கு" என்றான் செல்வம். அவ்வளவுதான்.

இப்போது பார்த்தால், என் வீட்டுக்காரி அதன் மேல் ஈர லுங்கியைக் காயப்போட்டிருக்கிறாள். அதற்கு மட்டும் உயரம் சரியாக இருக்கிறது.