மலையின் பங்கு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் குழந்தையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் கடிதம் போடுகிறாளே என்று பதறாதே. போன் என்றால் பாதியிலேயே "சரிக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். கடிதத்திடம் அந்த ஜம்பம் பலிக்காது.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து தினமும் நான்கு தடவை ஏறுகிறாள். அப்பா மர அறுவை மில்லில் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் காலையில் அங்கேதான் போய் உட்கார்ந்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் துறை இங்கே மலையை வெட்டிச் சாலை போடப்போகிறதல்லவா, அதைப் பற்றி எங்கள் வானொலியில் அரை மணி நேர நிகழ்ச்சி செய்யச் சொன்னார்கள். பத்தொன்பது வருடமாக ஒலிப்பதிவு அறையை விட்டு நகராத என் கையில், வேறு ஆள் கிடைக்காமல், மைக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கிளம்பினேன். அப்பாவும் அவர் கூட்டாளிகளும் ஞாயிறுதோறும் அந்த மலைமேல் போய்ப் பாடுவதாகச் சொல்வார்களே, அது வெறும் சாக்கு, போவது சீட்டாடத்தான் என்பது இன்றுவரை அம்மாவின் கட்சி. மூன்று மணி நேர ஏற்றம் என்று நீயும் நானும் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

மரங்கள் முடிகிற இடத்தில் பாதை திரும்புகிறது. திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். நம் மொட்டை மாடியிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பலாகத் தெரியுமே, அந்தப் பாறைதான். கிட்டே போனால் கழுத்தை முழுசாகச் சாய்த்தால்தான் உச்சி தெரிகிறது. அதன் காலடியில் ஒரு ஏரி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். வெயில் ஏற ஏறச் சாம்பல் நிறம் மெல்லச் சிவந்து, இடுக்குகளில் கசிகிற தண்ணீரெல்லாம் மின்ன ஆரம்பித்தது. நாற்பத்தாறு வயது வரை இதன் கீழேயே குடியிருந்துவிட்டு இன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்க்கிறேனே என்று எனக்கே என்மேல் கோபம் வந்தது.

இக்கரையில் நாற்பது பேர் நின்றார்கள். மில் ஆட்கள், பஸ் கண்டக்டர், தபால் ஆபீஸ் அம்மா, ஆஸ்பத்திரி நர்சுகள் இரண்டு பேர், நடுவில் நம் அப்பா. ஒரு வரி பாடினார்கள். சட்டென்று எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். பழக்கதோஷத்தில் என் விரல் நிறுத்துகிற பொத்தானுக்குப் போய்விட்டது. மூன்று விநாடி இருக்கும். எதிர்ப் பாறையிலிருந்து அந்த வரி திரும்பி வந்ததடா, முழுசாக, இன்னும் கனத்த குரலில். அது முடிவதற்குள் இவர்கள் அடுத்த வரியை அதன்மேல் ஏற்றினார்கள். நாற்பது பேர் நானூறு பேரானார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அழுதேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

அப்புறம்தான் என் வண்டவாளம் எனக்கே புரிந்தது. இவர்கள் வானொலி நிலையத்துக்கு வந்து பாடும்போதெல்லாம் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் சும்மா நிற்பார்கள். மூச்சு வாங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த இடங்களையெல்லாம் வெட்டி ஒட்டியவள் நான்தான். கண்டக்டரிடம் ஒப்புக்கொண்டேன். "அது மலையோட பங்கும்மா, அது பக்கத்துல இல்லேன்னாலும் நாங்க விட்டுக் குடுத்துத்தான் பாடுவோம். படிச்சவங்க, காரணமாத்தான் வெட்டுறீங்கன்னு இருந்துட்டோம்" என்று சிரித்தார்.

உன் கல்லூரி விழா உனக்கு மறந்திருக்காது. அப்பா மேடையில் முதல் வரியைப் பாடிவிட்டு நின்றார். அரங்கமே சிரித்தது. "பெரியவருக்கு மறந்துபோச்சு" என்று யாரோ கத்தினார்கள். நீ எழுந்து வெளியே போனாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன், நான் மட்டும் என்ன யோக்கியம். அப்பாவுக்கு எதுவும் மறக்கவில்லை தம்பி. அவர் காத்திருந்தார். நமக்குத்தான் தெரியவில்லை.

சாலைக்காக அந்தப் பாறையின் முகத்தை வெடி வைத்து எடுக்கப்போகிறார்கள் என்பதும், அதற்கான கோப்பு உன் மேஜையில் மாத முடிவுக்குள் கையெழுத்துக்காக இருக்கிறது என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் உன்னைத் திட்டவில்லை. மலைமேல் குடியிருப்பவர்கள் பிரசவத்துக்கும் நடந்தே இறங்குகிறார்கள், சாலை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பாறையைத் தொடாமல் நான்கு கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றிவரும் வழி ஒன்றும் உங்கள் வரைபடத்தில் இருந்தது என்று அளக்க வந்தவர் சொன்னார். அதன் சாதக பாதகம் உனக்குத்தான் தெரியும்.

பாட்டு முடிந்ததும் அவர்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் ஏரியைச் சுற்றி நடந்து பாறையடியில் போய் நின்றார்கள். அப்பாவும் போனார். எதற்கு என்று கேட்டேன். "பாறை போனப்புறம் நாங்கதானே மலை, இப்பவே பழகிக்கிறோம்" என்றார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு வரி பாடினார்கள். பாறை அதைத் திருப்பித் தந்தது. அதன் பின்னாலேயே அந்தப் பக்கத்து ஆட்களும் குரலைத் தாழ்த்திப் பாடினார்கள். இருபது பேர் பாடியும் அது கொசு மாதிரித்தான் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல், இன்னொரு தடவை என்று கையைத் தூக்கினார்.

இறங்கும்போது, "தம்பிக்கு எழுதித் தொலைக்காதே, அவனுக்கு ஆயிரம் வேலை" என்றார். எழுதிவிட்டேன்.

கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிறு வா. கேட்டுவிட்டுப் போய் நீ எதை முடிவு செய்தாலும் சரி, அந்தச் செய்தியை வானொலியில் நானே வாசிக்கிறேன். வந்தால் அந்த விழாவைப் பற்றி அப்பாவிடம் எதுவும் பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். முதல் வரி முடிந்து அவர் வாயை மூடியதும், எழுந்து போகாமல் அவர் பக்கத்தில் நில். மூன்று விநாடிதான்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்,
அக்கா