ஊசிக்கு முந்திய பதில்

போடி, ஆகஸ்ட் 1983

அன்புள்ள மகளுக்கு,

எழுத்து கோணலாக இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. கான்வென்டில் என் கையெழுத்தைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார்கள். இது இடது கையால் எழுதுவது. சித்திரையில் வந்த பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது.

தேனியில் அக்குபங்சர் பார்த்துக்கொள்கிறேன். ஊசி தலைமுடி கனம்தான். அதில் மருந்து கிடையாது. குத்திய இடம் கனத்து உளைந்தால் நரம்பு பதில் சொல்கிறது என்று அர்த்தமாம். சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

நேற்று ஊசியைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன். அவர் கேட்கும் முன்பே, “இன்னைக்கு நல்லாவே கனக்குது டாக்டர்” என்றேன்.

துணைக்கு வந்த பவுனு சிரித்துவிட்டாள். “ஆத்தா, அவுக இன்னும் ஊசியவே கையில எடுக்கலையே!”

டாக்டர் சிரிக்கவில்லை. பிறகு அவர் குத்தியதை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கனமோ உளைச்சலோ எதுவும் தெரியவில்லை.

உன் கல்யாணத்தின்போது, இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று உனக்கு எழுதியது அந்த வலது கைதான். இனி அது எதையும் எழுதாது.

நீ வரும் நாளை எழுது, பஸ் ஸ்டாண்டுக்குப் பவுனுவை அனுப்புகிறேன். உன் வீட்டுக்காரரையும் அழைத்து வா.

உன் அம்மா