மகளின் ஒரேயொரு படம்

நிரோஷன்,

சோறும் மீன்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடுங்கள். இன்றிரவு கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் தங்குகிறேன். கோபித்துக்கொண்டு போகவில்லை.

நேற்று என் போனிலிருந்து மகளின் படங்களை எல்லாம் அழித்துவிட்டு, "இதைப் பாத்துப் பாத்து நீரும் செத்துப் போகப்போறீர்" என்று கத்தினீர்கள். என் அழுகையை நிறுத்தத்தான் செய்தீர்கள், தெரியும். ஆனால் அவள் நம்மோடு இருந்ததே இரண்டு நாள். அந்தப் படங்களை விட்டால் அவளுடையது என்று நமக்கு வேறென்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரியில் எடுத்த ஒன்றை அப்போதே அக்காவுக்கு அனுப்பியிருந்தேன். அதைக் கேட்டு வாங்கி, காலையில் வெள்ளவத்தை ஸ்டூடியோவில் பிரின்ட் எடுத்தேன்.

"வடிவான பிள்ளை. இப்ப எத்தினை மாசம்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"மூண்டு" என்றேன். உயிரோடிருந்தால் மூன்றுதானே.

படத்தைச் சாமியறையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்கு மாமி வருவா. அவ அழுவா என்று எடுத்து ஒளிக்க வேண்டாம்.

சிந்துஜா

கதவைப் பூட்டி, என் திறப்பைக் கீழ்வீட்டு அன்ரியிடம் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று. படத்தில் அவள் பிடித்திருப்பது உங்கள் விரலை. அழிக்கும்போது கவனித்தீர்களோ தெரியாது. நீங்கள் இன்னும் ஒரு தரம்கூட அழவில்லை, நிரோஷன். நான் பக்கத்தில் இருந்தால் அழமாட்டீர்கள். அதனால்தான் போகிறேன்.