மாதுளையடிச் சருகு

அடியே, உன் மாதுளை பூத்துவிட்டது, முதல் பூ, நான்தான் முதலில் பார்த்தேன், படம் எடுத்து உன் போனுக்கே அனுப்பியும் விட்டேன்!

அனுப்பிய பிறகுதான் ஈர்க்குமாற்றுச் சத்தம் காதில் விழுந்தது. உன் அம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு நீ சண்டை பிடிக்க ஓடிவருவாய் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

தலைமன்னாரில் முற்றத்து மணலில் ஈர்க்குக் கோடு தெரிந்தால்தான் அது வீடு. நீயோ வேப்பஞ்சருகையும் பனையோலைத் துண்டையும் அள்ளிவந்து மாதுளையடியில் மெத்தை போலப் பரப்பினாய்.

"என்னடி இது, கோழி கிளறின மாதிரி?"

"வெறும் மணலில நிண்டு பாருங்கோம்மா, கால் சுடும். அதுக்கும் அப்பிடித்தானே."

"அப்ப அதுக்கொரு செருப்பு வாங்கிக் குடு."

அம்மா கூட்டிக் குவிப்பார். அவர் அடுப்படிக்குப் போனதும் நீ குவியலைத் திருடிவந்து மறுபடி பரப்புவாய். ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான்.

ஒருநாள் என் கையைப் பிடித்து வெயில் மணலில் வைத்தாய். சுட்டது. பிறகு சருகுக்குக் கீழே நுழைத்தாய். அங்கே ஈரம், குளிர்ச்சி.

"முந்தநாள் ஊத்தின தண்ணி. வெறும் மணலெண்டா அண்டைக்கே குடிச்சு முடிச்சிருக்கும்."

அடிச்சருகு கறுத்து, மண்ணாகிக்கொண்டிருந்தது. அதற்குள் ஒரு மண்புழு. நம் தீவு மணலில் மண்புழு. அதை வீடியோ எடுத்துப் போட்டாய். முதல் லைக் என்னுடையது.

காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வரவில்லை. செத்தவீட்டுக்கு ஆட்கள் வருவார்கள் என்று அயலட்டைச் சனம் மாதுளையடியையும் சேர்த்து முற்றம் முழுவதையும் கூட்டிச் சருகை எரித்தது. உதவிக்குத்தான் வந்தார்கள், யாரைக் குறை சொல்வது?

அம்மா இப்போதும் விடியவே கூட்டுகிறார். ஆனால் எரிப்பதில்லை. நீ திருடுவதற்கு வசதியாக மாதுளைக்குப் பக்கத்திலேயே குவித்துவிட்டு, படியில் இருந்து அதையே பார்க்கிறார். நேற்று நான் ஒரு கை சருகு அள்ளினேன்.

"வை பிள்ளை. அது அவளின்ட வேலை."

வைத்துவிட்டேன். வேறென்ன செய்ய? கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கிறது. இலைகள் சுருள்கின்றன. நான் ஊற்றும் தண்ணீர் மணலுக்குள் எங்கேயோ போய்விடுகிறது. காலையில் பார்த்த பூ மத்தியானமே தொங்கிவிட்டது. குவியல் ஒரு முழம் தள்ளித்தான் கிடக்கிறது.

இதை வாசிக்கும் எங்கள் கூட்டாளிமாரே, முப்பத்தோராம் நாள் பூசை முடிய எல்லாரும் அவள் வீட்டுக்கு வாங்கோ. மலர்வளையம் வேண்டாம், ஆளுக்கொரு பை சருகு கொண்டுவாங்கோ. அதைப் பரப்ப அவள் அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கோ. எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருப்பது உள்ளங்கையில் அந்தக் குளிர்ச்சி மட்டும்தான்.