குலைந்துபோன நெஞ்சுப்படம்

செவ்வாய், இரவு.

உலகத்தாருக்கு அறிவிப்பது: மயிலிட்டியின் மாபெரும் கோல் கீப்பராகிய எனக்கு இன்று நெஞ்சில் பசை பூசப்பட்டது.

பயிற்சியில் மயங்கி விழுந்ததால் வந்த வினை. இதயத் துடிப்பு எங்கே கிளம்பி எப்படிப் பரவுகிறதென்று டொக்டர் ஸ்கானில் படமெடுத்தார். அதைப் பார்த்துத்தான் சனிக்கிழமை இறுதியாட்டத்துக்கு என்னை விடுவாராம்.

"தம்பி, மூச்சை அடக்கும். கதைக்காதையும்."

"டொக்டர், நெஞ்சுக்குள்ளை ஆரும் வாடகைக்கு இருக்கினமோ?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். படம் குலைந்தது. திரும்பத் திரும்ப இதே கூத்து.

"வாயைப் பொத்தடா!" கூட வந்திருந்த அம்மா சீறினார்.

கடைசியில் டொக்டருக்கும் அலுத்துவிட்டது. "திங்கள் வாரும். அதுவரைக்கும் பந்தைத் தொடக்கூடாது."

சனி போச்சு. சனியன் பிடித்த வாய்!

டொக்டரையே சிரிக்கவைத்தேன் என்று அணிப் பெடியளிடம் அளந்தாயிற்று. உண்மையில், திரையில் என் இதயம் துடிப்பதைப் பார்க்கப் பயம். வாயை மூடியிருந்தால் அழுதிருப்பேன்.