அறைக்குள் வந்த கிரகணம்

அக்கா,

இன்று காலை புதுத் தகரக் கதவின் ஆணி ஓட்டை வழியாக வெயில் புகுந்து எதிர்ச்சுவரில் வட்டமாக விழுந்தது. உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐம்பத்தைந்தாம் வருடம் காலையில் வந்த சூரிய கிரகணம் நினைவுக்கு வந்தது. அப்போது எனக்கு வயிற்றில் ஆறு மாதம். முதல் பிள்ளை பிறந்த அன்றே போய்விட்டதால், மாமியார் விடியும் முன்பே என்னை அறையில் உட்காரவைத்துச் சன்னலைச் சாத்திவிட்டார். இருட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பயந்து கிடந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து போஸ்ட்கார்டும் தையல் ஊசியுமாக நீங்கள் வந்தீர்கள்.

சேவுகம்பட்டியில் சிறுமியாக இருந்தபோது வெறுங்கண்ணால் கிரகணம் பார்த்தவர் நீங்கள். அன்றுமுதல் எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்பு மறைப்பு. பூக்கட்டுவதுகூட விரல்களை நம்பித்தான்.

மாமியார் வழிமறித்தார். "வாயும் வயிறுமா இருக்கவளுக்குக் கிரகணத்தக் காட்டப் போறியா? ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"அவ வெளிய வரலையே, அத்தே. இதுனால ஒண்ணும் ஆகாது. ஆச்சுன்னா என்னையக் கேளுங்க."

அப்படி ஏதாவது ஆகியிருந்தால் தெருவே உங்கள்மேல் பழி போட்டிருக்கும். அது தெரிந்தேதான் சொன்னீர்கள்.

சன்னல் கதவில் உடைந்திருந்த இடத்தில், ஒரே ஒரு ஊசித்துளை போட்ட கார்டைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினீர்கள். மற்ற இடுக்குகளில் பழைய சேலையைச் செருகினீர்கள். "ஓட்டையப் பாக்கவே கூடாது. அதுக்கு முதுகக் காட்டி உக்காந்து, சொவத்த மட்டும் பாரு."

சுவரில் ரூபாய்க்காசு அளவில் சூரியன். செத்த நேரத்தில் அதன் ஓரம் குறைந்தது.

"இப்ப எப்படி இருக்கு? சொல்லு புள்ள."

அப்போதுதான் உறைத்தது. அந்தச் சின்ன வட்டம் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அம்புட்டுப் பாடும் எனக்காக. பார்த்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல பயம் விலகியது. வாசலில் நின்ற மாமியாரும் மெல்ல வந்து உங்களருகே உட்கார்ந்தார்.

"நகத்த வெட்டிப் போட்டாப்ல ஆயிருச்சுடி," என்று அவரே உங்களுக்குச் சொல்லத் தொடங்கினார்.

புரட்டாசியில் மகள் பிறந்தாள், வீடு அதிர அழுதுகொண்டு. மாமியார் அவளைத் தூக்கி முதலில் வைத்தது உங்கள் மடியில்.

நீங்கள் இறந்துபோன பிறகும் கிரகண நாளில் யார் தடுத்தாலும் நான் ஓய்வதில்லை. தெருவில் உள்ளவர்களைக் கூப்பிட்டுச் சூரியனுக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, ஊசித்துளைக் கார்டு வழியே சுவரில் விழும் வட்டத்தைக் காட்டுகிறேன். கூட்டத்தில் பார்வை மங்கியவர் எவரேனும் உண்டா என்று தேடி, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். சூரியன் முழுதாகத் திரும்பும்வரை, ஒன்று விடாமல் அவருக்குச் சொல்கிறேன்.